மங்கத் சித்தப்பாவின் பெயர்

பாலம்பூர்
14.3.1976

அன்பு மகள் பிமலாவுக்கு,

ஜ்வாலாமுகி அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். நைரோபியில் நீங்கள் மூவரும் நலம் என்று படித்து வயிறு குளிர்ந்தது. எருமை கன்று போட்டிருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன் அப்பாவின் வாய் மட்டும் குறையவில்லை என்று அவள் எழுதச் சொல்கிறாள்.

போன வாரம் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரன் நம் டோக்ரா பட்டாளத்தைத் திரட்டிய நாளிலிருந்து அதன் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதுகிறாராம். 1916இல் மெசபடோமியாவில் செத்தவர்களின் பட்டியலை விரித்து, "சிப்பாய் பிதி சந்த் உங்களுக்கு யாருங்க?" என்றார். என் அப்பா என்றேன். அப்பா செத்ததாக அதிலிருந்த தேதியை மேஜர் படித்தார். உன் தாத்தா 1958 வரை இருந்து உனக்கே மிட்டாய் வாங்கித் தந்தவர் அல்லவா. உனக்கு இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஆளெடுக்க வந்தவர்கள் மார்பளவு பார்த்துப் பொறுக்கியது அப்பாவைத்தான். புறப்பட வேண்டிய அன்று என் அம்மா என்னைப் பெற முடியாமல் இரண்டு நாளாகத் துடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தம்பி மங்கத் ராம், பத்தொன்பது வயது, கல்யாணமாகாதவர், அண்ணன் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, "நீ அண்ணி பக்கத்துல இரு. வெள்ளைக்காரனுக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான்" என்று சிரித்துவிட்டுப் போனாராம். அண்ணன் பெயருக்கு ஆஜர் சொல்லி, அந்தப் பெயரிலேயே செத்தும் போனார். இறந்தவருக்கென்று வந்த வெண்கலத் தகட்டில் அப்பா தன் பெயரையே படித்தார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லையாம்.

உன் சம்பா அத்தை என்னைத் தனியே இழுத்து, "வாயத் தொறந்தே, பட்டாளத்தையே ஏமாத்தின குடும்பம்னு அச்சுல போட்டுருவாங்கடா" என்றாள். அவள் பயமும் நியாயம்தான், நம் வீடு மூன்று தலைமுறையாக அந்தப் பட்டாளத்துச் சோறு தின்றது. ஆனால் சித்தப்பா பெயரை ஒருத்தரும் எங்கும் எழுதியதில்லை, பிமலா. இந்தப் புத்தகத்தையும் விட்டால் இனி எழுதவும் மாட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேஜர் பேனாவைத் திறந்தார். பிறகு, "பேர் மாத்தி வந்தவரு இவர் ஒருத்தர் இல்லீங்க. வந்தவங்க எல்லாரும் நின்னு சண்டை போட்டாங்க" என்று சொல்லி, அப்பா பெயரை அடித்து மங்கத் ராம் என்று எழுதினார். அந்த மனுஷனுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே அவர் தட்டில் இரண்டு கரண்டி கொண்டைக்கடலை மத்ரா கூடுதலாகப் போட்டாள்.

பட்டியலில் கடைசிக் கட்டம் பிள்ளைகள் விவரம். "கல்யாணம் ஆகலைன்னீங்களே, கோடு போட்டுடட்டுமா?" என்றார் மேஜர். நான் பேனாவை வாங்கி அதில் என் பெயரை எழுதினேன். ஒரு பொய்யைத் திருத்தி இன்னொன்றை எழுதிவிட்டேன் என்று அத்தை கேலி செய்கிறாள். மேஜர் மை காய ஊதிவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

குழந்தையை மழையில் வெளியே கொண்டுபோகாதே. அவன் படம் ஒன்று அனுப்பு. நீங்கள் எல்லாரும் நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும்.

உன் அப்பா
ரூப் சந்த்,
சிப்பாய் மங்கத் ராமின் மகன்