செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய ஜாம்

என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ஆவல் மட்டும்தான் இப்போது என்னிடம் நிஜமாக இருக்கிறது. நீ என் போனை எடுப்பதில்லை. சரி. கடிதம் கத்தாது, குறுக்கே பேசாது, பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடலாம். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள். முன்பைவிடக் கோணலாகத்தான் வருகிறது. பேனா விரலுக்குள் நிற்கமாட்டேன் என்கிறது.

அப்பா போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் அவருடைய பேட்டரிப் பட்டறைச் சட்டையை எடுத்துத் துவைத்தேன். அமிலம் தின்ற ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தைத்தேன். கடைசி ஓட்டையைத் தைத்து நூலைக் கடித்த பிறகுதான், இதை இனி யார் போடப்போகிறார்கள் என்று தோன்றியது. மடித்து வைத்துவிட்டேன்.

பின்வேலி பெர்ரிச் செடி இந்த வருடம் கண்மண் தெரியாமல் காய்த்திருக்கிறது. அவர் இருந்தால், பறிப்பதில் பாதி வாய்க்கும் பாதி கூடைக்கும் போகும். இந்தத் தடவை எல்லாமே கூடைக்குத்தான் வந்தது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு உன் மகள் ஞாபகம் வந்தது. ஜாம் இல்லாவிட்டால் ரொட்டியைத் தொடமாட்டாளே. அதனால் காய்ச்சினேன்.

உனக்குத் தெரிந்த முறைதான். காம்பு கிள்ளி, இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரை கலந்து, அந்தச் செம்புப் பாத்திரத்திலேயே ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். பழம் தன் சாற்றிலேயே ஊறினால்தான் நிறம் வரும் என்று நான் சொல்வதும், நீ கொட்டாவி விடுவதும் நினைவிருக்கிறதா? காலையில் எலுமிச்சை பிழிந்து, சின்னத் தீயில் கிளறினேன். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்தால் ஓடாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். அந்தச் சொட்டை வழித்து நக்குவது அவருடைய வேலை. இப்போது அதையும் நானே செய்கிறேன்.

அந்தப் பாத்திரம் அவர் கைபட்டது, தெரியுமா? மூன்று வருடத்துக்கு முன்னால் உள்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. புளிப்பு பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். பூச்சு போடுகிற பாத்திரக்காரர் கால் உடைந்து படுத்திருந்தார். உங்கப்பா விடுவாரா? இதென்ன பெரிய வித்தை, நான் பார்க்காததா என்று பட்டறையிலிருந்து பழைய பேட்டரித் தகடும், பற்றவைக்கிற கம்பியும் கொண்டு வந்தார். உருக்கி ஊற்றித் துணியால் தேய்த்தார். கண்ணாடி மாதிரி வந்தது. தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்து, என் முகத்துக்கு நேரே நீட்டி, இதில் பார்த்தால் நீகூட அழகாகத்தான் இருக்கிறாய் என்றார். நானும் வெட்கமில்லாமல் பார்த்தேன்.

அவர் கை ராசிதானோ என்னவோ, அன்றிலிருந்து சர்க்கரை குறைத்துப் போட்டாலும் ஜாம் தித்திக்கிறது.

பத்து பாட்டில் வந்தது. ஆறு உனக்கு. நேற்றுப் பார்சல் போட்டேன். வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார் தபால்காரர். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தைக்குக் கொடு.

சாவு வீட்டில் நாலு பேர் முன்னால், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் அப்பா பிழைத்திருப்பார், நீதான் கைவைத்தியம் கைவைத்தியம் என்று வீட்டிலேயே வைத்துக் கெடுத்தாய் என்று சொன்னாய். அவருக்கு வயிற்றை முறுக்கிப் பிடிக்கும், பிறகு விடும். குடல்புண் என்றுதான் டாக்டர் சொன்னார். கடைசி மாதம் சோறு இறங்கவில்லை, பால் இறங்கவில்லை. ஜாமை மட்டும் ஸ்பூன் முனையில் எடுத்து நாக்கில் தடவுவேன். கண்ணை மூடிக்கொண்டு சப்புவார். அதையாவது கொடுத்தேனே என்றுதான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா


என் மகளுக்கு,

பத்து நாளில் இன்னொரு கடிதமா என்று சலித்துக்கொள்ளாதே. ஒரு சின்ன விஷயம். பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மூன்று வருடம் கழித்துப் பாத்திரக்காரர் வந்திருந்தார். கால் கூடிவிட்டது, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், வாய் மட்டும் நிமிர்ந்துதான் இருக்கிறது. என்னம்மா, ஆளை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். செம்புப் பாத்திரத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு தெரிய ஆரம்பித்திருந்தது. பூச்சு எங்கே போனது என்று கேட்டார். தேய்ந்திருக்கும் என்றேன். தேய்த்துத் தேய்ந்த மாதிரி இல்லையே, கரைந்த மாதிரி அல்லவா இருக்கிறது என்றார்.

பிறகு கட்டைவிரல் நகத்தால் கீறினார். நகம் இறங்கியது. ஒரு காகிதம் கேட்டார். காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். பாத்திரத்தின் விளிம்பில் அதைத் தேய்த்தார். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் தடம் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ஜோக் அடிக்கவில்லை. யார் பூசியது என்று கேட்டார். சொன்னேன். எதை வைத்து என்று கேட்டார். அதையும் சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் குழாயடியில் இரண்டு தடவை கை கழுவினார்.

சமையல் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயமாம். பேட்டரிக்குள் இருப்பது காரீயமாம். உருக்கினால் இரண்டும் வெள்ளையாகத்தான் பளபளக்கும், ஆனால் புளிப்பு பட்டால் காரீயம் கரைந்து சாப்பாட்டில் இறங்கிவிடுமாம். கரைந்தால் கசக்காதாம், தித்திக்குமாம். இதில் காய்ச்சியதை நாய்க்குக்கூட ஊற்றாதீர்கள் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நீங்கள் படுத்திருந்த நேரத்தில் உங்கள் வேலையை இன்னொருவர் செய்துவிட்டார் என்கிற எரிச்சலில் பேசாதீர்கள், செத்துப்போனவரைப் பற்றி இப்படிச் சொல்ல நாக்கு கூச வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். அவர் கொண்டுவந்த ஊதுலையைக்கூடப் பற்றவைக்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, அவருக்குக் கடைசியில் கை தொங்கிப்போச்சா அம்மா என்று மட்டும் கேட்டார்.

தொங்கித்தான் போயிருந்தது. உனக்கு நான் சொல்லவில்லை. மணிக்கட்டைத் தூக்க முடியாமல், ஈரத்துணி மாதிரி கிடக்கும். வயசாகிவிட்டதென்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

நான் அந்த ஆள் சொன்னதை நம்பவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன், அணைத்தேன். பாத்திரத்தை எடுத்தேன், வைத்தேன். என் பங்கு நான்கு பாட்டிலும் அலமாரியில் இருக்கின்றன. ஒன்று பாதி தீர்ந்திருக்கிறது. இன்று காலை ரொட்டியில் தடவிவிட்டு, சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கு டாக்டரிடம் போய்க் கேட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் பார்சல் வந்தால் பிரிக்காதே. பிரித்தாலும் திறக்காதே. போன வருடத்துப் பாட்டில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்து மேலே வை, குழந்தைக்கு எட்டாத இடத்தில். அழுதால் வேறு ஏதாவது கொடு.

சாவுக்கு வந்தபோது, குழந்தை வெளுத்துப்போயிருக்கிறாளே என்று கேட்டேன். வயிற்று வலி என்கிறாள், சரியாக வெளிக்குப் போவதில்லை, மூன்று வயதாகியும் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டேன் என்கிறாள் என்றாய். அது ஏனோ இப்போது நினைவுக்கு வருகிறது. வேறு ஒன்றுமில்லை.

உன் அம்மா


என் கண்ணே,

இந்தக் கடிதத்தின் உறையைப் பார்த்துவிட்டு நீ பயந்திருப்பாய், அல்லது அவமானமாக இருந்திருக்கும். முதல் இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறாயோ என்று சந்தேகம். அதனால்தான் உறையின் மேலேயே சிவப்பு மையில், ஜாமைத் திறக்காதே, குழந்தைக்குக் கொடுக்காதே என்று எழுதினேன். தபால் ஆபீசில் இது விளையாட்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பார்சல் என்ன ஆனது என்று பார்க்கச் சொன்னேன். மூன்று வாரம் என்று சொன்னது சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதாம், ஒன்பது நாளைக்கு முன்பே நீ கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாய் என்றார்கள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டு டீச்சர் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. அழைத்தவுடன் விஷயத்தைச் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்டது என் தப்பு. பழக்கத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளையைக் கேட்கலாம் என்றால் அவர் கப்பலில் இருக்கிறார்.

டாக்டர் என் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலமாக, மெல்லிசாக, பேனாவில் இழுத்த மாதிரி ஒரு கோடு. அதே கோடு உங்கப்பாவுக்கு இருந்தது. குளிப்பாட்டும்போது பார்த்தேன். பழத்தின் கறை என்று நினைத்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

காரீயம் என் ரத்தத்திலும் இருக்கிறதாம். பெரியவர்கள் கொஞ்சம் தாங்குவார்களாம். சின்னக் குழந்தைகளுக்குத்தான் அது மூளையில் போய் உட்காருமாம். ஆனால் சீக்கிரம் தெரிந்தால் மருந்து உண்டு என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் உண்டு என்றார்.

அதனால் நான் சொல்வதைச் செய். ஆறு பாட்டிலையும் கட்டிக் குப்பையில் போடு. பாட்டில் நன்றாக இருக்கிறதே என்று கழுவி வைக்காதே, உனக்கு அந்தப் புத்தி என்னிடமிருந்துதான் வந்தது. குழந்தையை இன்றைக்கே தூக்கிக்கொண்டு போ. ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். சிரித்தாலும் விடாதே. இந்தக் கடிதத்தின் உறையைக் காட்டு. நீயும் ரத்தம் கொடு.

நான் கிளம்பி வந்திருப்பேன். இது பஸ் ஏறி வருகிற தூரமா? அதோடு நேற்று வாசல்படி இறங்கும்போது கை பிடியை விட்டுவிட்டது.

மூன்று வருடம், வருடத்துக்கு ஆறு பாட்டில். ஒவ்வொன்றிலும் உன் மகள் பெயரை எழுதி ஒட்டி அனுப்பினேன். அவருக்கு ஸ்பூன் முனையில் தடவினேன். இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் கேட்பார், தடவினேன். இதற்கு மேல் எழுதினால் எழுத்து நிற்காது.

நீ சாவு வீட்டில் சொன்னது சரிதான். என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள், குறைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பாத்திரத்துக்கு யார் பூச்சு போட்டது என்று இங்கே டாக்டர் கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். பாத்திரக்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்டு, அப்படியே சொல்லச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நீயும் அப்படியே சொல். என் முதல் இரண்டு கடிதத்தையும் தேடி எடுத்து, படித்து முடித்ததும் இதையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடு. உன் மகள் வளர்ந்து நன்றாக நாலு வார்த்தை பேசுவாள், பேசத்தான் போகிறாள். அப்போது கேட்டால், உன் அம்மாவைப் பெற்றவள் ஒரு விவரம் கெட்டவள், எதையோ உருக்கிப் பூசிவிட்டாள் என்று சொல். தாத்தாவைப் பற்றிக் கேட்டால், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாகப் போய்ப் பழம் பறித்து ஊட்டினார் என்று மட்டும் சொல்.

என் ஆயுசில் மிச்சம் இருப்பது அவளுக்குப் போகட்டும். நீ என்னோடு பேச வேண்டாம், வர வேண்டாம். கொட்டிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் வாசலிலேயே இருப்பேன்.

உன் அம்மா