சொல்லாமல் வைத்த ‘சரி’

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று லேபில் பதினாலு பல். அதில் ஆறு ஒரே ஆளுக்கு, மேல்வரிசை முன்பற்கள். நிறம் ஒத்துவரவில்லை என்று டாக்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்பது பல் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் சில்லு என் மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையால் மறைத்தாள். பரீட்சைக்குப் படிக்கிற லட்சணம்.

எட்டு வயதில் படியில் விழுந்து முன்பல் ஓரம் சில்லு போனதால் அவள் அம்மா வைத்த பேர் அது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு. எங்கள் டாக்டரிடம் சொல்லி அந்தப் பல்லை அடைத்துவிடலாம் என்று அன்றைக்கே சொன்னேன். “வேண்டாம் சித்தி, அப்படியே இருக்கட்டும்” என்றாள். இப்போது பதினாறு. பல் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

மறைத்தது என்ன என்று தெரிந்துவிட்டது. மூன்று பக்கக் கடிதம். “பிழை பாருங்க சித்தி” என்று நீட்டினாள்.

“மதிப்புக்குரிய அப்பாவுக்கும் அம்மாவுக்கும்” என்று ஆரம்பம். விஷயம் இதுதான்: கேம் ஆடுவதற்குத் தோதான ஒரு கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கி அவளே பூட்டப்போகிறாள். ஏன் கடையில் ரெடியாக வாங்கக் கூடாது, கண் கெடாதா, படிப்பு கெடாதா, பெண்பிள்ளைக்கு இது எதற்கு — எல்லாக் கேள்வியையும் அவளே கேட்டு அவளே பதில் எழுதியிருக்கிறாள். லீவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணம் அவளிடம் இருக்கிறது, மிச்சத்தைத்தான் இவர்கள் தர வேண்டும். “என் பெற்றோர் இருவரும் மனமார சம்மதித்தால் மட்டுமே.” கடைசி வரி: “ஜன்னலோர மேஜையை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.”

அது என் மேஜை. இதை எழுதுவதும் அதில்தான்.

இரண்டு பிழை இருந்தது. ‘கணினி’யைக் ‘கணிணி’ என்றும் ‘வாக்குறுதி’யை ‘வாக்குருதி’ என்றும் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் திருத்தினேன். கொஞ்சம் அழுத்தித்தான்.

கடிதத்தில் என் பேர் எங்கேயும் இல்லை. இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா கூப்பிடுகிற நாள். சில்லுவின் போன் பரீட்சை முடிகிறவரை பீரோவில், சாவி என்னிடம். அதனால் என் வீட்டுக்காரர் போனில், ஸ்பீக்கரில். கூப்பிடுவதற்கு முன்னாலேயே அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் ஆரம்பமாகிவிட்டது. இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எந்நேரமும் கால் பிரேக்கிலேயே இருந்து பழக்கம்.

“விளையாடத்தானே?” என்றார்.

“நேத்து மூணு மணி நேரம் மேட்ச் பாத்தீங்களேப்பா. அது என்ன வேலைக்கா?”

“நான் பார்த்தேன். டிவியைக் கழட்டிப் பூட்டலையே.”

“அதான் சொல்றேன். பூட்டினா ஏதாவது தெரிஞ்சுக்கலாம். சும்மா பாத்தா என்ன தெரியும்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோற்றுப்போகும்போது அவர் எப்போதும் பந்தை வேறு பக்கம் தள்ளிவிடுவார். “அம்மா சரின்னா எனக்கும் சரி.”

சாப்பாட்டுத் தட்டுகளோடு நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா சரின்னா. நான் நகர்ந்து வழிவிட்டேன்.

போனில் அந்த அம்மாள், “யோசிச்சுச் சொல்றேன்டி” என்றாள். பிறகு என்னவோ சொல்ல, சில்லு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு வருஷத்தில் எனக்கு அந்தச் சிரிப்பு கிடைத்ததில்லை. எனக்குக் கிடைப்பது ‘தேங்ஸ் சித்தி’. விருந்துக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

பிப்ரவரி 17, திங்கள்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எல்லாவற்றையும் தாங்குகிற பெரிய பலகைக்குப் பேர் மதர்போர்டாம். அதிலும் அம்மாதான். சித்திபோர்டு என்று யாராவது செய்கிறார்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

மத்தியானம் லேபில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது என் போனுக்குக் குரல்செய்தி. அவள் அம்மா. வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. காய்ச்சல், பள்ளிக்கூடக் கையெழுத்து என்று எப்போதாவது ஒரு வரி வரும். குரல் வந்தது இதுதான் முதல் தடவை.

“சில்லுகிட்ட சரின்னு சொல்லிடுங்க. அவர் க்ளாஸ்ல இருந்தா போன் எடுக்க மாட்டார், அதான் உங்களுக்கு. நாளையிலேருந்து பத்து நாள் பயிற்சி, போன் கையில இருக்காது. பரீட்சை முடிஞ்சதும் செய்யட்டும். பாவம், காத்துட்டிருப்பா.”

மூன்று தடவை கேட்டேன். குரல் நல்ல குரல். அதுதான் இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று எழுதலாம். மறக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

போன் வரவில்லை. இவர் கூப்பிட்டுப் பார்த்தார், அணைத்து வைத்திருக்கிறது. சில்லு மெதுவாக என்னிடம் வந்தாள்.

“உங்களுக்கு ஏதாவது மெசேஜ் வந்துச்சா சித்தி?”

“இல்லையே.”

எவ்வளவு சுலபமாக வந்தது. மூச்சு விடுகிற மாதிரி.

அவளே வந்து சொல்லட்டுமே. பெற்றவளுக்கு ஆள் வைத்துச் சொல்ல வேண்டுமா என்ன? அதுவும் என்னை. காய்ச்சலுக்குக் கண் விழிக்க நான், பள்ளிக்கூடத்தில் போய் நிற்க நான், சரி என்று சொல்லி நல்ல பேர் வாங்க மட்டும் அவளா. எப்படிங்க இது நியாயம்? — யாரைக் கேட்கிறேன். நோட்டைக் கேட்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

சில்லு இந்த மூன்று நாளாக என்னோடேயே இருக்கிறாள். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்கிறாள். இன்று நான் வெங்காயம் உரிக்க, என் தோளில் தலையைச் சாய்த்தாள். அசையாமல் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டேன்.

திருடின பண்டம் இவ்வளவு ருசிக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

கணக்குப் பரீட்சை. தெரிந்த கணக்கு இரண்டை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். “மனசு ஓடல” என்றாள். சிவப்புத் திருத்தத்தோடு இருந்த அந்தக் கடிதம் குப்பைக்கூடையில் நாலு துண்டாகக் கிடந்தது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சித்தி, வேண்டாம்னாலும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல. பதிலே சொல்லாம இருக்கறதுன்னா… அம்மாவுக்கு நான் அலுத்துப்போயிட்டேனா?”

நான் மடித்த சட்டையையே திரும்ப உதறி மடித்தேன்.

அவள் அம்மாவிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். இவளிடமிருந்து எடுத்திருக்கிறேன்.

மார்ச் 1, சனி

சொல்லிவிட்டேன். காலையில், டீ ஆறுவதற்குள். போனை மேஜையில் வைத்து அந்தக் குரலை ஓடவிட்டேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். “நீயா?” அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சில்லு போனைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். “ஒன்பது நாள்” என்றாள். “நான் கேட்டப்போ இல்லேன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“நான் உங்ககிட்டதான் வந்து அழுதேன்.”

“ஆமா.”

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாக, தாழ்ப்பாள் சத்தம் கேட்கிற மாதிரி.

மார்ச் 3, திங்கள்

அவள் அம்மாவுக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். இன்னொருவர் சொல்லித் தெரிவதற்கு முன்னால். அந்தப் பக்கம் பின்னணியில் யாரோ மாத்திரை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உங்ககிட்ட சொன்னாப் போதும்னு நிம்மதியா போனேன்” என்றாள். “இனிமே எதுவா இருந்தாலும் நேரா அவகிட்டயே சொல்லிக்கறேன்.”



மார்ச் 9, ஞாயிறு

தேங்ஸ் கூட இல்லை இப்போது.

மார்ச் 22, சனி

பரீட்சை முடிந்தது. போனைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அவர் தரப்பில் நிபந்தனை ஒன்றே ஒன்று: பூட்டும்போது அவரும் கூட இருப்பார். பயம் என்று சொல்லிக்கொள்கிறார். ஆசை.

நான் மேஜையைக் காலி செய்தேன். யாரும் கேட்கவில்லை. என் புத்தகங்கள், மூக்குக் கண்ணாடிக் கூடு, இந்த நோட்டு. சில்லு வாசல்படியில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சமையலறை மேடையில் எழுதினால் எண்ணெய் படுகிறது.

மார்ச் 30, ஞாயிறு

காலையிலிருந்து ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. அப்பாவும் மகளும் தரையில். வீடியோ அழைப்பில் அவள் அம்மா. நான் உள்ளேயே இருந்தேன். சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டேன். இவ்வளவு பட்ட பிறகும் இந்தப் பாழும் மனசு அடங்கவில்லை.

பத்தரைக்குச் சத்தம் நின்றது. ப்ராசஸரை — கம்ப்யூட்டரின் மூளை என்கிறார்களே, அந்தச் சதுரத்தை — மதர்போர்டில் வைக்கும்போது இவர் கை தவறி அது மூலையில் குத்திவிட்டது. அந்த இடத்தில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சில மடங்கிவிட்டன. இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

எட்டிப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. “நான் பார்க்கட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் சில்லு. “கடைல குடுத்துக்கறேன்.”

ஏப்ரல் 2, புதன்

லேபில் சாப்பாட்டு நேரம். டப்பாவை மூடிக் கை கழுவித் திரும்பினால் சில்லு நிற்கிறாள், மதர்போர்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இங்கே அவள் வந்ததே இல்லை. பல் அச்சு வார்க்கிற மாவுத்தூசி படிந்த தரையையும் தட்டில் நம்பர் போட்டு அடுக்கிய பற்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கடைக்காரர் முடியாதுன்னுட்டார். புதுசு வாங்கணுமாம்.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பா சொன்னார், உங்க கை…” என்று இழுத்தாள்.

பூதக்கண்ணாடி விளக்கை இழுத்தேன். நாலு கம்பி. மூன்று சாய்ந்திருந்தது, ஒன்று படுத்தேவிட்டது. மெழுகு செதுக்குகிற ஊசிகளில் மெல்லியதை எடுத்தேன். அவளைப் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

“உங்களுக்குக் கை நடுங்காதா?”

“நடுங்கும். மூச்சை விட்டுட்டுத் தொடணும்.”

இரண்டாவது கம்பி நிமிரும்போது கேட்டாள். “ஏன் சித்தி சொல்லல?”

ஊசியை எடுத்துவிட்டேன். “பொறாமை.”

“அம்மா மேலயா?”

“ம். நீ கடிதம் எழுதினது அப்பாவுக்கும் அம்மாவுக்கும். நான் அதுல பிழை பார்க்கறவ.”

தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “உங்களைக் கேட்டா நீங்க சரின்னுதான் சொல்லுவீங்க. வேண்டாம்னு சொல்றவங்களுக்குத்தானே கடிதம் எழுதணும்.”

எனக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு அடுத்த கம்பிக்குப் போனேன். படுத்திருந்த அந்த ஒன்றுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. எங்கள் முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது யார் பல் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெட்டியை மூடும்போது சொன்னாள்: “ஆனாலும் ஒன்பது நாள் ரொம்ப அதிகம்.”

“அதிகம்தான்” என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஓடுகிறது. ஃபேன் சத்தம் சமையலறை வரை கேட்கிறது. முதலில் அம்மாவுக்குத்தான் காட்டினாள். சுருக்கென்றது. அவ்வளவுதான், சுருக்.

ஏப்ரல் 19, சனி

சத்தத்தைக் குறை என்றேன். “ரெண்டே நிமிஷம் சித்தி, சாகப்போறேன்” என்றாள். பதறிப் போய்ப் பார்த்தால் கேமில். எரிந்து விழுந்தேன். அவளும் எரிந்து விழுந்தாள். நாலு வருஷத்தில் முதல் சண்டை. சாப்பிடும்போது இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி முட்டைக்கு அடித்துக்கொண்டோம்.

மே 6, செவ்வாய்

அவள் அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு வரி. மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

“ஞாயிறு அவ பிறந்தநாளுக்கு வர்றேன். என்ன வேணும்னு கேட்டா ஒண்ணும் வேண்டாம்ங்கறா. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். கம்ப்யூட்டர் கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் ஒரு விசைப்பலகை இருக்கிறது. வெள்ளை, தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும். போன வாரம் அவளோடு போனபோது இரண்டு தடவை அதன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. நேற்றுதான் நான் தனியாகப் போய், எடுத்து வைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

தெரியாது என்று எழுதினேன். அழித்தேன். மெழுகு ஆறிப்போய்விட்டது, திரும்ப உருக்க வேண்டியதாயிற்று.

மே 11, ஞாயிறு

காலையில் அவள் அம்மா வந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். பயணக் களைப்பு கண்ணில் தெரிந்தது. டீ கொடுத்தேன். சர்க்கரை குறைவு என்று நினைத்திருப்பாள், சொல்லவில்லை.

சில்லு அம்மா தந்த பரிசின் தாளைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளை விசைப்பலகை. அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் கண் தானாகக் கீழே போனது. நான் வாங்கி வைத்திருந்த சட்டை அளவு சரியாக இருந்தது, நிறமும் பிடித்தது, தேங்ஸ் சொன்னாள்.

அப்புறம் சமையலறைக்கு வந்தாள். கதவில் சாய்ந்து என்னையே பார்த்தாள்.

“இது அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் யாருகிட்டயும் சொல்லலையே.”

“அம்மாவாச்சே” என்றேன். “தெரியாதா?”

அவள் நகரவில்லை. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே துடைத்த இடத்தை. ஹாலிலிருந்து அவள் அம்மா கூப்பிடும் சத்தம் கேட்டது. “வர்றேன்மா” என்று சொல்லிவிட்டு, போகாமல், மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள்.