ஊக்கு குத்திய செருப்பு

அக்கா,

இன்று காலை அறையைத் திறந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முதல் ஆள் வந்துவிட்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க வெளியே போனேன். வாசலில் அவர் கழற்றிப் போட்ட செருப்பு கிடந்தது. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. செம்போடு அங்கேயே நின்றுவிட்டேன். நெய்வேலியில் எத்தனையோ பேர் இப்படி ஊக்கு குத்திப் போட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆகிறது.

மார்க்கெட்டுக்குப் பின்னால், போன ஆய்வுக்கு நாம் இருவரும் உட்கார்ந்த அதே அறைதான். வலி மாத்திரை, ஊசி, கஞ்சா, எது யாரிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று மறுபடியும் ஓர் ஆய்வு. நாமாகப் போய்க் கூப்பிட்டால் இவர்கள் வரமாட்டார்கள். அதனால் வந்து பேசியவரிடம் மூன்று டோக்கன் கொடுத்து, மாத்திரை போடும் கூட்டாளிகளிடம் சேர்க்கச் சொல்வோம். அவர்கள் வந்தால் அவர்களுக்கும் மூன்று. பெயர் கேட்கக் கூடாது. சொன்னது அறையைத் தாண்டக் கூடாது. எனக்கு இது படித்த விதி. உங்களுக்குச் சாமிக்குச் செய்த சத்தியம் மாதிரி. கம்மாபுரத்தில் உங்கள் வீட்டில்கூடச் சுகர், பிரஷர் கணக்கெடுக்கிற வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தீர்கள்.

"நீ பட்டம் வாங்கினவ, பேப்பரப் பாத்துச் சொல்லுவ. நான் நடையப் பாத்தே சொல்லிடுவேன்" என்று என்னைக் கிண்டல் செய்வீர்கள். பஸ் நிறுத்தத்தில் தலை தொங்கி உட்கார்ந்திருப்பவர்களில் யார் மாத்திரை போட்டவர், யார் வெறும் ஷிப்ட் முடிந்த களைப்பில் இருப்பவர் என்று நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் இருந்த பிள்ளை மட்டும் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டான். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, இடுப்பு வலி, வந்ததும் படுத்துவிடுகிறான் என்பீர்கள். நானும் சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் டீ வாங்கப் போயிருந்த ஒரு நாள் டோக்கனோடு ஓர் இளைஞன் வந்தான். நான்தான் பேசினேன். அவன் போய் வெகு நேரம் கழித்து உள்ளே வந்தீர்கள். டீ ஆறிப்போயிருந்தது.

"வாசல்ல செருப்பப் பாத்தேன். நேத்து நான்தான் ஊக்கு குத்திக் குடுத்தேன், என் புள்ளைக்கு" என்றீர்கள். "அந்தாண்ட வேப்பமரத்துக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன். என்னப் பாத்திருந்தா பாதியில எழுந்து ஓடியிருப்பான்."

நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"சொல்லாத கண்ணு. எனக்குச் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தன் ஆத்தாளுக்கும் சொல்லுவ. அப்புறம் ஒருத்தனும் இங்க வரமாட்டான்."

வீட்டில் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தீர்கள். இடுப்பு வலிதான் என்று உங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். கடலூருக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டீர்கள். லீவு போட்டால் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று மறுத்துவிட்டான். அடுத்த வாரம் அவன் கொடுத்த டோக்கன்களோடு அவன் கூட்டாளிகள் வந்தார்கள். டோக்கனில் இருந்த எண்ணைப் பார்த்ததுமே அவை அவனுக்குக் கொடுத்தவை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கேள்வித்தாளில் இருந்ததற்கு மேல் ஒரு வார்த்தை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அழுகை வந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது அவன் போய்விட்டான். காலையில் எழுப்பினால் எழவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே வேலைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். "இங்க இத விட வைக்கிற ஒரு வைத்தியம் வந்துட்டா போதும், மத்ததுங்களாவது பொழைக்கும்" என்றீர்கள். ஆய்வைப் பார்க்க வந்த அதிகாரிகளிடமும் அப்படியே சொன்னீர்கள். நாம் எழுதிக் கொடுத்த அறிக்கையை வாங்கிக்கொண்டு, கூட்டம் போட்டு, கை தட்டினார்கள். வைத்தியம் வரவில்லை. அதைக் கேட்டுக் கேட்டே போன தை மாதம் நீங்களும் போய்விட்டீர்கள். இப்போது மறுபடியும் கணக்கெடுக்கிறோம். இதனால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை அக்கா. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

உங்கள் மகன் சொன்னதை மட்டும் இத்தனை நாளும் சுமந்துகொண்டிருக்கிறேன். இனி அதை மறைத்து யாரைக் காப்பாற்றப் போகிறேன். தாளின் கடைசிக் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். இதை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தால் யாரிடம் முதலில் சொல்வீர்கள்? அவன் யோசிக்கவே இல்லை.

"எங்கம்மாகிட்டதான் சொல்லணும். அதுகிட்டச் சொன்னா எப்படியாவது என்னை மீட்டுடும். ஆனா அதுக்குத் தெரிஞ்சா தாங்காதுங்க, அதான் சொல்லாம இருக்கேன்."

இன்று காலை தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த ஆளும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்வியைக் கேட்டேன். அம்மாவிடம்தான் முதலில் சொல்வேன் என்றார். எழுதிக்கொண்டேன். மூன்று டோக்கன்களைக் கிழித்துக் கொடுத்து அனுப்பினேன்.