அறை வெப்பநிலை

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் வேர் சரிந்துவிட்டது. மூன்று நாளில் பதினொரு கண்ணாடிக் குழாய் வீண். நெல் நாற்றின் வேரை இளஞ்சூடான அகரோஸ் என்ற கடற்பாசிப் பசையோடு குழாய்க்குள் இழுத்தால், அது ஜெலியாக இறுகி வேரை நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கொழும்பிலுள்ள நுணுக்குக்காட்டி மெல்லிய ஒளித்தகட்டை ஊடே விட்டு, உயிருள்ள வேரைப் படை படையாகப் படமெடுக்கும். என் வேரோ குழாய்ச் சுவரில் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. சோம்பேறி.

மார்ச் 5
என் ஆய்வை மேற்பார்க்கும் ராஜினி மிஸ் பக்கத்தில் நின்று பார்த்தார். "கை நடுங்குது தர்மிளா. உமக்கு முதல் இதைச் செய்த கௌசலாவும் இந்த இடத்திலதான் ஆய்வை விட்டிட்டுப் போனவா" என்றார். கொழும்பில் எங்களுக்குக் கிடைத்திருப்பது 14ஆம் திகதி, ஒரே ஒரு நாள். திங்களுக்குள் சரிவராவிட்டால் எனக்குப் பதிலாக, இலைகளை ஆராயும் எங்கள் ஆய்வுகூடத்துச் சுஜிதன் போவான்.
கை நடுங்குதா? நடுங்கேல்லையே!

மார்ச் 7
தேநீர் குடிக்கவில்லை. மூச்சையும் அடக்கிப் பார்த்தேன். சரிந்தது.

மார்ச் 8
எரிச்சலில் அகரோஸ் போத்தலைத் திருப்பினேன். பின்பக்கம் சிறிய எழுத்தில்: இறுகும் வெப்பநிலை 26 பாகை. சுவர் வெப்பமானியைப் பார்த்தேன். 34. ஏசி பழுதாகி இரண்டு வருடம். செய்முறைத் தாளோ, "அறை வெப்பநிலையில் பத்து நிமிடம் வைக்கவும்" என்கிறது. ஆரின்ர அறை? பனி கொட்டுற ஊரில இருந்து எழுதினவன்ர அறை! வவுனியா வெக்கையில அது எப்பிடி இறுகும்?

மார்ச் 10, திங்கள்
கன்டீனில் ஐஸ் கேட்டேன்.
"ஜூஸுக்கோ?" என்றார் வீரம்மா அக்கா.
"இல்லையக்கா, வேருக்கு."
ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கோப்பை நிறையத் தந்தார். தண்ணீரை இருபது பாகைக்கு இறக்கி, குழாயை அதில் நிமிர்த்திப் பிடித்தேன். நான்கு நிமிடம். வேர் நடுவில், நேராக. ஆறு குழாய், ஆறும் சரி. மிஸ் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொழும்புக்கு நீரே போம்" என்றார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 14
கொழும்பு. அறையில் 21 பாகை, குளிரில் பல் கிட்டிப்போனது. திரையில் வேர் நுனி, ஒவ்வொரு உயிர்க்கலமும் தனித்தனியாக. சந்தோசத்தில் மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு
கௌசலா அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். இப்போது கிளிநொச்சியில் ஒரு டியூட்டரியில் படிப்பிக்கிறார்.
"அக்கா, உங்கட கையில பிழையில்லை. அகரோஸ் இருபத்தாறிலதான் இறுகுமாம்."
"எங்கட அறை எத்தினை?"
"முப்பத்திநாலு."
"ஆறு மாசம் தர்மிளா," என்றார். "ஆறு மாசமா என்ர கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."