முன்புறம் தாழ்ந்த மின்கல வண்டியும் தராசில் ஏற்றப்பட்ட திருமதி ஆச்சிமுத்துவும் தொடர்பான மனு

அனுப்புநர்:
ப. றொபின்சன்,
படகு இயந்திரம் திருத்துநர்,
நெடுந்தீவு மேற்கு.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
தீவகப் பயணிகள் நலச் சேவை நிலையம்,
யாழ்ப்பாணம்.

பொருள்: இறங்குதுறை வண்டியின் இடது முன் ஸ்பிறிங் முறிந்தமையும், அப்பழியை ஒரு பயணி மீதும் சாரதி மீதும் சுமத்தியமையும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நோயாளரையும் நடக்க இயலாதோரையும் ஆஸ்பத்திரிச் சந்தியிலிருந்து இறங்குதுறைக்கு ஏற்றிச் செல்வதற்காகத் தங்கள் நிலையம் சென்ற ஆண்டு எமது தீவுக்கு ஒரு மின்கல வண்டியைத் தந்தது. கோல்ப் மைதானங்களில் ஓடுகின்ற வகை. முன்னால் இடப்பக்கம் சாரதி, அவருக்கு வலப்பக்கம் ஒரு பயணி, பின்னால் பின்னோக்கிப் பார்த்தபடி இருவர். இந்த இருக்கை ஒழுங்கைத் தயவுசெய்து மனதில் வைத்திருக்கவும். தங்கள் ஊர்தி மேற்பார்வையாளர் திரு. பரமலிங்கம் அவர்கள் வைத்திருக்கவில்லை.

2. கடந்த மே மாத இறுதியில் வண்டியின் முன்புறம் தாழத் தொடங்கியது. பள்ளங்களில் இடது சில்லு, சேறு தெறிக்காமல் அதை மூடியிருக்கும் மட்காட்டில் உரசியது. சாரதி திரு. கோபிசங்கர் இதை இரு தடவைகள் எழுத்தில் அறிவித்தார். யூன் முதல் வாரத்தில் மேற்பார்வையாளர் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தார். “முன்சீற்றிலை பாரமான ஆக்கள் ஏறுகினம், அதுதான்” என்று தீர்ப்பளித்தார். வண்டிக்குக் கீழே குனியவில்லை. குனிந்திருந்தால் காற்சட்டையின் மடிப்புக் குலைந்திருக்கும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

3. மறுநாள் சந்தியில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அறுபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்டோர் முன் இருக்கையில் அமரக் கூடாது. இதனை நடைமுறைப்படுத்த, கடற்கரையில் மீன் நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதில் செதில்கள் ஒட்டியிருந்தன. அதைக் கழுவ ஒருவருக்கும் தோன்றவில்லை.

4. யூன் 10, செவ்வாய்க்கிழமை காலை, திருமதி ஆச்சிமுத்து சந்திக்கு வந்தார். வயது ஐம்பத்தெட்டு. ஏழு பசுக்களைத் தனியாகப் பராமரித்து ஊருக்குப் பால் கொடுப்பவர். வலது கண்ணில் முழுதாகப் படலம் மூடியதால், அன்று யாழ்ப்பாணத்தில் அவருக்குச் சத்திர சிகிச்சை குறிக்கப்பட்டிருந்தது. ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நாள். மேற்பார்வையாளர் அவரைத் தராசில் ஏறச் சொன்னார். வரிசையில் நின்ற பதினான்கு பேர் முன்னிலையில், “எண்பத்திரண்டு” என்று உரத்து வாசித்தார்.

திருமதி ஆச்சிமுத்து, “தம்பி, எனக்குப் பின்சீற்றிலை ஏற ஏலாது. அது உயரம், முழங்கால் அவ்வளவுக்கு மடங்காது. இண்டைக்குக் கண் ஒப்பரேசன்” என்றார்.

தங்கள் அலுவலரின் பதில் இது: “அப்ப நடவுங்கோ அக்கா. உடம்புக்கும் நல்லது.”

சிலர் சிரித்தார்கள். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு கண்ணால் வழி பார்த்து அவர் இறங்குதுறையை அடைந்தபோது, யாழ்ப்பாணம் போக ஏற வேண்டிய குறிகட்டுவான் படகு போய்விட்டது. சிகிச்சைக்கான மறு திகதி அவருக்குச் செப்டெம்பரில்தான் கொடுக்கப்பட்டுள்ளது.

5. மறுநாள் மதியம், வண்டி ஓடாத நேரத்தில், திரு. கோபிசங்கரின் சம்மதத்துடன் நான் அதைப் பார்வையிட்டேன். சமமான சீமெந்துத் தரையில், ஒருவரும் ஏறாத நிலையில், தரையிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளந்தேன். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. வெறும் வண்டி, ஐயா. ஆட்களின் பாரத்தால் தாழ்வது ஆட்கள் இறங்கியதும் நிமிர வேண்டும். இது நிமிரவில்லை. மேலும், முன்சீற்றில் ஏறும் பயணி அமர்வது வலப்பக்கம், தாழ்ந்திருந்தது இடப்பக்கம். இடப்பக்கத்தில் அமரும் திரு. கோபிசங்கரின் எடை ஐம்பத்துநான்கு கிலோ. அதே தராசில்தான் நிறுத்தோம்.

பின்னர் ஜக் வைத்து உயர்த்திப் பார்த்தேன். சில்லைத் தாங்கும் ஸ்பிறிங் தகடுகளில் மேல் தகடு, வண்டிச் சட்டத்தோடு அதை மாட்டும் முன் கொளுவிக்குப் பக்கத்தில், பாதிக்கு மேல் வெடித்திருந்தது. வெடிப்பினுள் துரு பழையது. கொளுவிக்குள் உராய்வைத் தாங்கும் றப்பர் புஷ் தேய்ந்துபோய், ஆணி இரும்போடு இரும்பாக ஆடியது. வலப்பக்கத்துத் தகட்டில் துருவின் சுவடு சொற்பம்.

6. ஒரு பக்கம் மட்டும் ஏன் துருப்பிடித்தது என்று தாங்கள் கேட்கக்கூடும். மேற்பார்வையாளர் கேட்கவில்லை, விடை அவருக்குத் தெரியும். வண்டிக்கென்று தகரக் கூரையுடன் ஒரு கொட்டகை கட்டப்பட்டது. அதில் அவருடைய சொந்தக் கார் நிற்கிறது. வண்டி ஓராண்டாக கடற்கரைத் தடுப்பணையின் ஓரத்தில், இடப்பக்கம் கடலைப் பார்த்தபடி, அலைத்தூறலில் நிற்கிறது. உப்புக்கு யாருடைய எடையும் தேவைப்படவில்லை.

7. இவற்றையும், வண்டியை ஓட்ட வேண்டாம், தகடு எந்த நேரமும் முறியலாம் என்பதையும் எழுதி, யூன் 12 அன்று மேற்பார்வையாளரிடம் கையளித்தேன். படகு இயந்திரம் திருத்துபவருக்கு மின்கல வண்டி பற்றிக் கருத்துக் கூற அருகதை இல்லை என்று கடிதத்தின் பின்புறத்திலேயே எழுதித் திருப்பித் தந்தார். “அருகதை” என்ற சொல்லில் இரண்டு எழுத்துப் பிழைகள். பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

8. யூன் 23 காலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விருந்தினரை அழைத்துவர மேற்பார்வையாளர் சாரதியை இறக்கிவிட்டுத் தானே வண்டியைச் செலுத்தினார். வேறு ஒருவரும் ஏறவில்லை. சந்தி வளைவில் தகடு முறிந்தது. இடது முன்புறம் தரையில் குத்த, அவர் வேலியோரத்து மணலில் போய் விழுந்தார். காயம் எதுவும் இல்லை. அவரைத் தூக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். அறுபத்தைந்து கிலோவுக்குள்தான் இருப்பார்.

9. எழுந்து மண்ணைத் தட்டியவர் அன்றே ஓர் அறிக்கை எழுதினார். அதன்படி, நான் அனுமதியின்றி “கழற்றிப் பூட்டியதால்” தகடு முறிந்தது. அதற்கு இடமளித்தவர் சாரதி. நான் ஓர் ஆணியையும் கழற்றவில்லை. திரு. கோபிசங்கர் அன்றிலிருந்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுள்ளார். அவருடைய இரண்டு எழுத்துமூல அறிவித்தல்களும் கோப்பில் இல்லையாம். வண்டி முறிந்த இடத்திலேயே பன்னிரண்டு நாட்களாகச் சாய்ந்து நிற்கிறது. நோயாளர் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். கார் கொட்டகையில் நலமாக இருக்கிறது.

10. ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். யூன் 10 காலை வரிசையில் நின்ற பதினான்கு பேரில் நானும் ஒருவன். வண்டியின் சாய்வைக் கண்ட மாத்திரத்திலேயே அது இடது ஸ்பிறிங் என்று எனக்குத் தெரியும். திருமதி ஆச்சிமுத்து தராசில் நின்றபோது அதை நான் சொல்லவில்லை. அலுவலரோடு எதற்கு வம்பு என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சென்ற கிழமை அவரிடம் போய் இதைச் சொன்னேன். பால் கறந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமல், “நீர் அண்டைக்கே வாயைத் திறந்திருந்தா, நான் இப்ப ரெண்டு கண்ணாலையும் உம்மைப் பாத்திருப்பன்” என்றார்.

ஆகவே தங்களிடம் நான் கோருவன:

தகுதியுள்ள ஒருவர் வந்து, முறிந்த தகட்டைக் கையில் எடுத்து, வெடிப்பின் துருவைப் பார்க்க வேண்டும். திரு. கோபிசங்கருக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். கொட்டகையில் வண்டி நிற்க வேண்டும். திருமதி ஆச்சிமுத்துவின் கண் சிகிச்சைக்குச் செப்டெம்பருக்கு முன் ஒரு நாள் பெற்றுத்தரத் தங்கள் நிலையம் ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டும். திரு. பரமலிங்கம் அவர்கள் அதே சந்தியில், அதே காலை வேளையில், எண்பத்திரண்டு என்று வாசித்த அதே குரலில், திருமதி ஆச்சிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று என் பங்கையும் கேட்பேன்.

விசாரணைக்குத் தாங்கள் நேரில் வருவதாயின் வண்டி அனுப்ப வழியில்லை. இறங்குதுறையிலிருந்து நடந்து வரவும்.

இங்ஙனம், சொன்னதற்குப் பொறுப்பேற்கும்,

ப. றொபின்சன்

இடம்: நெடுந்தீவு
திகதி: 2025.07.05

இணைப்பு: அளவுக் குறிப்பு, புகைப்படங்கள் நான்கு, 12.06.2025 கடிதத்தின் இருபுறப் பிரதி.