உங்கள் அக்கா மண்டியிடட்டும்

நக்கித்தோ அப்பா,

மருந்து வாங்கக் கம்பாலா போகிறேன். வாழையிலைக்குள் அவித்து மசித்த வாழைக்காய் மத்தோக்கே சூடாக இருக்கிறது. மகள் நக்கித்தோ சாப்பிட்டதும் மாத்திரை கொடுங்கள். வெயிலில் விடாதீர்கள்.

மத்தியானம் உங்கள் அக்கா வருகிறாள். பிள்ளையின் கண்ணிமை ஊதாவானபோது, "இந்த வயசுலயே மேக்கப்பா?" என்று சோப்புப் போட்டுத் தேய்த்தவள். நம் வழக்கப்படி அத்தைக்கு மண்டியிட்டு வணக்கம் சொன்ன பிள்ளை எழ முடியாமல் தவித்தபோது, "நடிக்காத, எந்திரிடி சோம்பேறி!" என்று பிரம்பால் அடித்தவள். நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

தோலும் தசையும் சேர்ந்து வீங்கும் அபூர்வ நோயாம். டாக்டர் எழுதித் தந்ததை மேசையில் வைத்திருக்கிறேன். மகள் நாற்காலியில் இருப்பாள். உங்கள் அக்கா அவள் முன்னால் மண்டியிட்டு அதைச் சத்தமாகப் படிக்கட்டும். பிறகுதான் உங்கள் அக்காவுக்குச் சாப்பாடு.

பி.கு.: பாயைப் பூட்டி வைத்துவிட்டேன். வெறும் சிமெண்ட் தரைதான். பக்கத்தில் உங்களுக்கும் இடமிருக்கிறது.