பேட்டரி ஏன் இறங்கவில்லை

மார்ச் 4

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் நான் மூச்சு விடாமல் கொட்டுகிறேன், உனக்குப் பதில் சொல்ல இடமே கிடைப்பதில்லை என்கிறாய். சரி, எழுதுகிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இடைவேளை விடும்போது படி. படித்துவிட்டுப் பதில் போடு. 'பார்க்கலாம்' என்பது பதில் இல்லை.

லாரி விஷயம். வண்டி உன் பெயரில் இருக்கிறது. ஐந்து மாநிலம் தாண்டி, லாரிகள் நிறுத்தும் ஒரு யார்டில் சும்மா நிற்கிறது. அந்தப் பக்கம் சரக்கு இறக்கப் போன இடத்தில் அத்தானுக்கு வலிப்பு வந்து, ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்தார்களே, அன்று நிறுத்தியது. அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதம் முகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை விற்றுவிடலாம் என்று நீ சொன்ன மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று நான் கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய். போகட்டும். போன மனிதருக்காக வண்டியும் துருப்பிடிக்க வேண்டுமா?

எங்கள் டிப்போவில் ட்ரெய்லர் இழுக்க வெளிவண்டிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். நானே பேசி முடித்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் வண்டி இங்கே வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். வந்துவிட்டால் நீ இரட்டை ஷிப்ட் பார்க்க வேண்டாம். போன தடவை உன் கை கொதிநீரில் வெந்து உரிந்திருந்ததைப் பார்த்தேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதெல்லாம் சொல்ல வராது. லாரி கொண்டுவர வரும்.

ஓட்டி வர ஆள் தேடுகிறேன். உன்னிடம் இருக்கிற மாற்றுச் சாவியை உடனே கூரியரில் அனுப்பு.

தம்பி

மார்ச் 9

அக்காவுக்கு,

சாவி வரவில்லை. பதிலும் வரவில்லை. உன் மௌனத்துக்குப் பொருள் சொல்ல நான் ஜோசியம் படிக்கவில்லை, மெக்கானிக்கல் படித்தேன்.

ஓட்டுநர்கள் மூன்று பேரைப் பார்த்தேன். முதல் ஆள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேபினில் டிவி உண்டா என்று கேட்டார். அடுத்தவர், ட்ரெய்லர் இல்லாத வெறும் முன்வண்டிதான் என்றதும், 'பூ, இதெல்லாம் ஒரு வேலையா' என்றார். பின்னால் பாரம் இல்லாத வண்டிதான் பிரேக் மிதித்தால் குதிக்கும், மழையில் வழுக்கும். அது தெரியாதவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். மூன்றாவது ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கலாம். வண்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்ப்பதுதான் அவர் தொழில். பஸ்ஸில் போவார், லாரியில் வருவார். மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ராக்கெட். சாலை எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் அறுபதைத் தாண்ட மாட்டாராம், அதனால்.

நான் பெரிதாகக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். பாதியில் நிறுத்தி, அவர் ஒன்று கேட்டார். "ஓடற வண்டிதானே? அப்புறம் எதுக்கு இத்தனை நாள் அங்க நிக்குது?"

குடும்ப விஷயம் என்றேன்.

"அப்படின்னா கூலி கூட ஆகும்," என்றார். சிரிக்கக்கூட இல்லை. அவரையே வைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் விசித்திரம். யார்டுக்குப் போன் செய்து, புது பேட்டரி வாங்கி வையுங்கள் என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை, இது வேதியியல். யார்டுக்காரர், அதெல்லாம் வேண்டாம், ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் என்றார். யார் ஸ்டார்ட் செய்து பார்த்தது என்று கேட்டேன். இன்னொரு போன் வருகிறது என்று வைத்துவிட்டார். படமாவது அனுப்புங்கள் என்றேன், அனுப்பினார். ஒரே இடத்தில் நின்றால் டயர் தரையில் படும் பக்கம் தட்டையாகிவிடும். ஆகவில்லை. யாரோ அவ்வப்போது வண்டியை அரைச் சுற்று நகர்த்தி வைக்கிறார்கள். முன்கண்ணாடியில் தூசி இல்லை.

தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. உனக்கு ஏதாவது தெரியுமா?

சாவிக்காக இனிக் காத்திருக்க முடியாது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.

தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்டால் 'விஷயத்துக்கு வா' என்பாய். கேட்டதாக வைத்துக்கொள்.

நீ எனக்காக ஓடுகிறாய் என்று தெரிகிறது. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? பேசிவிட்டேன், முடித்துவிட்டேன், வாங்கிவிட்டேன் என்றே எழுதுகிறாய். சின்ன வயதில் ரேடியோ எப்படிப் பாடுகிறது என்று பார்க்கக் கழற்றினாய். எப்படி என்று கண்டுபிடித்தும் விட்டாய். அதற்கப்புறம் அது பாடவில்லை.

வண்டி நிற்கிற இடத்தில் நிற்கட்டும். என் கை தானாக ஆறிவிடும். அந்த அம்மாவை அனுப்பாதே.

பேட்டரியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அந்த அம்மா பஸ் ஏறிவிட்டார். பொய் சொல்ல மாட்டேன், முன்னாடியே வந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

நேற்று யார்டிலிருந்து பேசினார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, வண்டியில ஆள் இருக்கு."

திருடனா என்றேன்.

"எந்தத் திருடன் ஜன்னல் திரையைத் துவைச்சுக் காயப்போடுவான்? படுக்கையில போர்வை மடிச்சு வெச்சிருக்கு. கண்ணாடி ஓரத்துல மாத்திரை டப்பா. ஆள் இங்கேயே லாரி கழுவற வேலை பாக்கறாராம். ராத்திரி வண்டியில வந்து படுத்துக்குவாராம்."

சாமானை இறக்கி வைத்துவிட்டு வண்டியை எடுங்கள், சாவி உங்கள் கையில், பத்திரம் எங்கள் கையில் என்றேன்.

"வண்டி ஓட்டறது என் வேலை. ஆள் குடியிருக்கற வீட்டை இழுத்துட்டு வர்றது என் வேலை இல்ல. வீட்ல பெரியவங்க யாராவது இருந்தாப் பேசச் சொல்லு."

எனக்கே முப்பது ஆகப்போகிறது என்றேன்.

"அதனாலதான் சொல்றேன்," என்றார்.

பிறகு யார்டுக்காரரைப் பிடித்தேன். அவருக்கும் பொறுமை போய்விட்டது. ஒன்றும் தெரியாத மாதிரி பேசுகிறீர்களே, மாசாமாசம் உங்கள் வீட்டிலிருந்துதானே மாத்திரைப் பார்சல் வருகிறது என்றார்.

எங்கள் வீடு என்றால் எது, அக்கா? என் வீட்டிலிருந்து எந்தப் பார்சலும் போகவில்லை.

கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது கோபம் இல்லை, ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மனிதர் தான் ஓட்டக் கூடாத வண்டியைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, அரைச் சுற்று நகர்த்தி, அதிலேயே படுத்துக்கொள்கிறார். எங்கேயும் போவதில்லை. அவர் மனைவி மாத்திரை அனுப்புகிறாள். கடிதம் அனுப்புவதில்லை. இது என்ன மாதிரி ஏற்பாடு? தப்பு என்று சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ராக்கெட் அம்மாவுக்கு அந்த ஊரில் சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாளாம். அங்கே தங்கிக் காத்திருக்கிறார். காத்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டாம்.

தம்பி

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

ஏற்பாடெல்லாம் ஒன்றுமில்லை. அவர் போன கொஞ்ச நாளில் யார்டுக்காரர் போன் செய்தார். 'இங்கதான் இருக்கார், சொல்லாதேன்னார், எனக்கு மனசு கேக்கல' என்றார். கூப்பிட்டு வரலாம் என்று பஸ் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். வந்தால் அவருக்கு இங்கே என்ன இருக்கிறது? ஒரு நாற்காலி இருந்தது, நான் இருந்தேன். இரண்டும் போதவில்லையே. நான் வண்டியை விற்கலாம் என்றதை, உன்னால் இனி என்ன ஆகப்போகிறது என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

மாத்திரை நின்றால் மறுபடியும் வலிப்பு வரும். அதனால் மாத்திரை. கடிதம் எழுதினால் வா என்று எழுத வேண்டும். எழுதியும் வராவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு மாத்திரை அனுப்புவேன்?

வண்டியை நீ எடுத்துவிட்டால் அவருக்குப் படுக்க இடம் போய்விடும். இங்கே வருவாரா, வேறு எங்காவது போவாரா? போனால் பார்சலுக்கு என்ன முகவரி எழுதுவேன்? என் பயம் இவ்வளவுதான். கேட்டாய், எழுதிவிட்டேன்.

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த இயந்திரத்தின் கையேட்டையும் நான் இப்படிப் படித்ததில்லை.

எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன், திட்டாதே. அந்த வண்டியில் இரண்டு சீட். ஒன்றில்தான் அத்தான் உட்காரக் கூடாது. இன்னொன்றைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை.

ராக்கெட் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் அத்தானிடம் கேட்டுப் பார்த்தாராம். நான் எதற்கு, நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாராம். சொன்னவர் சும்மா இருந்தாரா? கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், மூன்றாவது கியர் எப்படி முரண்டு பண்ணும் என்று அந்த அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி சாயங்காலம் முழுக்கக் காட்டிக் கொடுத்தாராம். வண்டி போனால் இவர் எங்கே படுப்பார்? அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லையாம். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்காத மனிதர் கியரைப் பற்றி இவ்வளவு ஏன் கவலைப்பட வேண்டும்? யோசித்துப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை.

நான் கூப்பிட்டால் வர மாட்டார். எனக்குக் கூப்பிடவும் தெரியாது, உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும். முடித்துவிட்டேன் என்று இந்தத் தடவை எழுதவில்லை. என்ன செய்யலாம் என்று நீ சொல். மாதக் கடைசி போனால் போகட்டும், டிப்போவில் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு டீசல் பங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் போடுகிறேன், எங்களுக்கு முன்னால் வந்துவிடும். இரண்டு மாநிலம் தாண்டிவிட்டோம். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். உன்னிடம் சொன்னால் நீ கால அட்டவணை போட்டுக் கொடுத்திருப்பாய்.

போனபோது யாருடைய லாரியின் சக்கரத்தையோ கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். குழாயை மூடினார். "டூட்டி இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் அந்த வண்டியில் ஏறியதே இல்லை, தெரியுமா? என்ன உயரம் அது. ராக்கெட் அம்மா மேலேயிருந்து கை கொடுத்தார். அந்த இன்னொரு சீட்டில் நானே உட்கார்ந்துகொண்டேன். உன் அத்தான் கீழே நின்றார். வா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். வாயில் வேறு வந்தது. "வண்டி போகுது, நானும் போறேன். உங்க போர்வை பின்னால கெடக்கு. வேணும்னா ஏறி எடுத்துக்கோங்க," என்றேன்.

போர்வையை எடுக்க ஏறினார். எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்தார். ராக்கெட் அம்மா யாரையும் கேட்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

யார்டு வாசல் தாண்டியதும் பின்னாலிருந்து, "மூணைப் போடாதீங்க, ரெண்டுலயே ஏறும்," என்றார். "பின்னால உக்காந்த ஆளுக்கு வாய் எதுக்கு?" என்றார் அந்த அம்மா. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அவர் சிரித்ததைக் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

டிப்போ வரைக்கும்தான் வருகிறாராம். வண்டியை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டுமாம். அங்கே இறங்கி எந்தப் பக்கம் நடப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதும் இல்லை. என் வழியில் நான் நடப்பேன்.

ஒரு உதவி செய். வண்டி வரும்போது வாசலில் நிற்காதே. நின்றால் கேள்வி கேட்பாய்.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

நிற்கவில்லை. வண்டி வருகிற சத்தம் கேட்டதும் உதிரிபாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு கஷ்டமான காரியம் செய்ததில்லை.

அப்புறம் வெளியே வந்து வாசல் காவலாளியிடம் விசாரித்தேன். மூன்று பேர் இறங்கினார்களாம். ஓட்டி வந்த அம்மா ரசீது வாங்கிக்கொண்டாராம். ஒரு ஆள் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தாராம். இன்னொரு அம்மா திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்துவிட்டாராம்.

அப்புறம் என்றேன்.

"அப்புறம் டீ வந்துது சார்," என்றார்.

அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்க எனக்கு அதிகாரம் இல்லை, பிழைத்தார்.

கேபினில் ஏறிப் பார்த்தேன். படுக்கை காலி, போர்வை இல்லை. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வேறு எங்காவது போகிறவரும் போர்வையை எடுத்துக்கொண்டுதான் போவார். பஸ் நிறுத்தம் வரை போய்ப் பார்த்தேன். அங்கே என்ன தெரியும்? பெஞ்சுதான் இருந்தது. உன் வீட்டுக்கு வந்து பார்த்துவிடலாம் என்று பைக்கை எடுத்து, நீ எழுதியதை நினைத்துத் திரும்ப நிறுத்திவிட்டேன்.

வண்டிக்கு நாளை ட்ரெய்லர் மாட்டுகிறோம். ராக்கெட் அம்மாவையே இங்கே ஓட்டக் கேட்டேன். தினம் ஒரே வாசலில் வந்து நிற்க அவருக்கு ஆகாதாம், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். வேறு ஓட்டுநரை வைத்திருக்கிறேன். வைத்துவிட்டேன் என்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள், வண்டி சும்மா நிற்கக் கூடாது. உனக்கு ஆட்சேபம் இருந்தால் எழுது.

ஆட்சேபம் இல்லாவிட்டாலும் எழுது. ஒரு வரி போதும்.

தம்பி

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

எந்த ஓட்டுநரை வைத்தாலும் எனக்குச் சம்மதம். மூன்றாவது கியரைப் பற்றி அந்த ஆளிடம் சொல்லச் சொன்னார் உன் அத்தான். அவர் சொன்னதை நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இரட்டை ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டில்தான் இருப்பேன், சாப்பிட வா. வாசல் மணியை அடிக்காதே, கதவு சும்மா சாத்தியிருக்கும், தள்ளிக்கொண்டு வா. அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த ஒடுங்கின இடத்திலேயே படுத்துப் பழகிவிட்டதில், இவ்வளவு அகலக் கட்டிலிலும் சுவரை ஒட்டி, காலைக் கையை மடக்கிக்கொண்டுதான் படுக்கிறார். இந்தப் பக்கம் முக்கால் கட்டில் காலியாகக் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளிப் படுங்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

நீயும் வந்து ஏன் என்று கேட்காதே.

அக்கா